நூற்பாலைச் சுவரின் நிழல்

விடிவதற்குள் வண்டிகளை நிறுத்தி முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு அந்தி வரை யாரும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் ஒருவர் வண்டியின் நிழல் இன்னொருவர் சூரியத் தகட்டில் விழும். வெக்கை கூடி, மார்கழியில்கூட ஏசி இல்லாமல் மதியத்தைத் தாண்ட முடியாமல், கோவில்பட்டிக்குத் தெற்கே மண்ணில் குடியிருக்க முடியாமல் போனபின் வீட்டுவண்டிகளில் அலையும் எல்லாக் கூட்டங்களுக்கும் இதுதான் சட்டம். இந்தக் கூட்டத்தில் யார் எங்கே நிற்பது என்று சொல்பவள் நிழல்காப்பாளர் ஜெயக்கொடி.

அன்று பிச்சமணியின் மாடிவண்டியைப் பாழடைந்த நூற்பாலைச் சுவருக்கு வடக்கே நிறுத்தச் சொன்னாள். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கூரைத் தகடுகளின் ஓரத்தில் சுவர்நிழல் ஒரு கையகலம் நாள் முழுக்கக் கிடக்கும். தகடுகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஓரம் மறைந்தாலே மொத்த வரிசையும் படுத்துவிடும். இருட்டில் வந்த பிச்சமணி மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். அவளிடமே அவருக்கு அப்படியொரு நம்பிக்கை! சுவரோரம் வேறு வண்டி, தெற்கே வெயில் பக்கம் நின்ற அவளுடையது மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே கையகல நிழலை அவர் வண்டி இவள் தகட்டில் போட்டது. தன் பேட்டரிக்கு இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று வெயிலேறிய பிறகு நாலடி நகர்த்தியிருந்தார். மதியம் இவள் ஏசி நின்றது. மயங்கிக் கிடந்த கணவன் லிங்கதுரையை விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். குளிர் கேட்டுத் தட்டினால் திறந்தே ஆக வேண்டும் என்பது கூட்டத்தின் வழக்கம். அவர் திறக்கவில்லை. லிங்கதுரை செத்துப்போனான். காதில் விழவில்லை என்று சபையில் சாதித்தார் பிச்சமணி. இம்மி நிழலுக்கு ஆள் சாவானா என்று சபையும் விட்டுவிட்டது. நிழல்காப்பாளர் பொறுப்பை ஜெயக்கொடி கேட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான்.

சுவரோரம் நிறுத்திய அன்று மதியம் பிச்சமணி தள்ளாடி வந்து அவள் கதவைத் தட்டினார். ஏசிக்குக் கீழே உட்கார்ந்து அந்தச் சத்தத்தை மனசு குளிரக் கேட்டாள்.

"ஜெயக்கொடி, கதவத் தொறம்மா. பேட்டரி செத்துப்போச்சு."

அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கீழேயிருந்து வந்தது. வாசலிலேயே சரிந்துவிட்டார் போல.

"அன்னைக்கு நீ தட்டுனது கேட்டுச்சு. தொறந்தா வண்டிய நவுத்துனது தெரிஞ்சிரும்னு பயந்துட்டேன்."

திறந்தாள். இரக்கப்பட்டு அல்ல. சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

"சாயங்காலம் சபையில இதச் சொல்லணும் அண்ணாச்சி. அதுவரைக்கும் நீங்க சாகக் கூடாது."

"சொன்னா வெளியேத்திருவாங்க."

"ஒங்கள எங்க நிறுத்துனேன்னு நானும் சொல்லுவேன்."

அந்தியில் இருவரும் சொன்னார்கள். சபை இருவரையும் விலக்கியது. விலக்கப்பட்டவர்களுக்கு இருப்பது தெற்கே போகும் ஒரே பாதை. அடிவரை வற்றிக் கெட்டுப்போன அவர் பேட்டரி, சபை இரங்கி ஏற்றிவிட்ட சார்ஜில் ஓடியது. ஒரு மதியத்து ஏசியை அது தாங்காது. முன்னால் போன ஜெயக்கொடி கண்ணாடியில் அவர் வண்டி ஊர்ந்து வருவதைப் பார்த்தாள். இனி மதியந்தோறும் அவர் இவளிடம்தான் வந்தாக வேண்டும். உள்ளே விடுவதா வேண்டாமா என்று தினமும் இவள் முடிவு செய்வாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது.