பாதி வழிக் கம்பம்

மலைக் குடிசை லைனில் டெலிபோன் மணி அடித்ததும் லைன்மேன் டீயை உறிஞ்ச மறந்து நின்றான். அந்த மணி அடிக்க வழியே இல்லை.

குடிசைக்குக் காவல் அவன் அக்கா புருஷன். போன வாரப் பனிப்புயலில் மேலே எங்கோ கம்பி அறுந்துவிட்டது. ஏறிப் போய் ஒட்டுப் போட இவனுக்கு உடம்பு வணங்கவில்லை. பாதி வழிக் கம்பத்தில் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கும் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு இறங்கிவிட்டான். அப்படி முறுக்கினால் மேலிருந்து எந்தக் குரலும் கீழே வராது. ஆனால் ஆபீஸ் மீட்டர் மட்டும் லைன் சரி என்று காட்டும். புயல் ஓயட்டும் என்றிருந்தான். நேற்று வரை ஓயவில்லை.

"அவராடா?" ஆபீஸ் ஜன்னலோரம் கம்பளி பின்னிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "எடேன். மரம் மாதிரி நிக்கிற!"

எடுத்தான். யாரோ ஈரக் கம்பளியை வாயில் வைத்துக்கொண்டு மூச்சு விடுவதைப்போல, மெதுவாக, விட்டு விட்டு ஒரு சத்தம். அது நின்ற பிறகும் காது மடல் சில்லிட்டுக் கிடந்தது.

"காத்துக்கா. வேற ஒண்ணுமில்ல."

"லைன் நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கு. பொண்டாட்டி தொல்ல இல்லாம மாமா நிம்மதியா தூங்குறாரு போல."

"உதை வாங்குவ." சிரித்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். "லைன் இல்லன்னா அன்னிக்கே ஆள அனுப்பச் சொல்லியிருப்பேன். நீ சொன்ன தைரியத்துலதான் இருக்கேன்."

கம்பியில் மாட்டிப் பேசும் டெஸ்ட் போனை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மூடுபனி பாதையை விழுங்கியிருக்க, தலைக்குமேல் ஓடிய கம்பியின் முனகலை மட்டும் பிடித்துக்கொண்டு, துருவும் ஈர மரமும் நாறும் அந்தச் சரிவில் முட்டி நோக ஏறினான். கம்பத்தை நெருங்கியதும் முனகல் நின்றது.

கம்பத்தில் ஏதோ சாய்ந்திருந்தது. மூட்டை என்று நினைத்தான்.

மூட்டைக்குக் கை இருந்தது.

மாமா.

அறுந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறார். நின்றபடியே விறைத்திருந்தார். விரல்கள் அந்த முறுக்கின்மேல். பிரிக்கப் பார்த்திருக்கிறார். நகங்கள் பிய்ந்திருந்தன. முறுக்கு அவிழவில்லை. செத்துப் பல நாளாகியிருக்கும். வாய் திறந்திருந்தது. உள்ளே பனி அடைத்திருந்தது.

அக்காவிடம் சொல்லியாக வேண்டும். முறுக்குக்குக் கீழே டெஸ்ட் போனை மாட்டினான். மணியடிக்கக்கூட இல்லை. அதற்குள் அவள் குரல்.

"என்னங்க? நீங்களா?"

வாயைத் திறந்தான்.

"நான்தாம்மா," என்றது போன். "உன் தம்பி பக்கத்துலதான் நிக்கிறான். ஒண்ணு சொல்லணுமாம்."

ஒவ்வொரு சொல்லுக்கும், மாமாவின் வாயிலிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்தது.