தூணோரத்தில் ஒருவன்

வீடியோவில் அவன் மனைவி ஒரு தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தைய டேப். அவளுடைய அலுவலகத் தோழிக்கு நடந்த பிரிவுபசார விருந்து. "அவளுக்குக் குடுக்கணும், கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணித் தாங்களேன்" என்று கேட்டவளே அவள்தான். மங்கிய வீடியோக்களைத் தெளிவாக்குவது அவன் பிழைப்பு. வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. திரைச்சீலைகளை இழுத்து மூடிய அந்த அறைக்குள் பட்டப்பகலும் கறுத்துக் கிடக்க, கம்ப்யூட்டரின் விசிறி ஓயாமல் இரைய, சூடேறிய தூசியின் வாடை மூக்கை அடைக்க, அவன் அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான்.

தூணை ஒட்டி ஒரு சாம்பல் நிறக் கறை. ஆள் உயரத்துக்கு.

உதட்டோர மச்சம் கன்னக்குழிக்குள் ஒதுங்கும்படி அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவனுக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காத சிரிப்பு.

"யார் அது?"

டீயோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள். "எது, தூணா?"

"தூணைப் பார்த்து யாராவது இப்படிச் சிரிப்பாங்களா?"

"பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் முடிஞ்சு இப்ப தூண் மேலயும் சந்தேகமா? வேணும்னா அதுக்கும் போன் போட்டு விசாரிங்க."

சிரித்தபடி போய்விட்டாள். வழக்கமான சிரிப்பு. அவனுக்கென்று ஒதுக்கியது.

படத்தை நிறுத்திப் பெரிதாக்கினான். கறைக்குத் தோள் முளைத்தது.

பெரிதாக்கிய படத்தை மறுபடி பெரிதாக்கக் கூடாது. தொழிலில் அவன் மீறாத ஒரே கட்டுப்பாடு அது. சாஃப்ட்வேருக்குக் கண் கிடையாது. விட்டுப்போன புள்ளிகளை ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான். ஊகத்தின் மேல் ஊகத்தை ஏற்றினால், இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர்கள் கெஞ்சினாலும் மறுத்துவிடுவான்.

வயிற்றெரிச்சல் யார் பேச்சைக் கேட்டது? மறுபடி பெரிதாக்கினான்.

கழுத்து வந்தது. கச்சிதமான தாடை. படிய வாரிய தலைமுடி. அழகன்தான், பாவி. தூணோரத்தில் இருந்தவன் தெளியத் தெளிய, பக்கத்தில் மனைவியின் முகம் கரைந்துகொண்டே வந்ததை இவன் கவனித்தான். பொருட்படுத்தவில்லை. அவளைத்தான் தினமும் பார்க்கிறானே!

"டீ ஆறிப்போச்சு பாருங்க."

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வருவது போல் குரல். திரும்பினான். கதவோரம் நின்றிருந்தாள். ஏதோ குறைந்தது.

"உன் மச்சம் எங்கே?"

"எந்த மச்சம்?"

உதட்டைத் தடவிப் பார்த்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

 நிறுத்திவிடலாம். இப்போதே எல்லாவற்றையும் அழித்துவிடலாம். விரல் அழிக்கும் பொத்தான் மேல் நின்றது. ஆனால் முகம் இன்னும் வரவில்லையே? அவள் அப்படிச் சிரித்தது எந்த முகத்துக்கு?

ஒரே ஒரு தடவை.

மூக்கு. நெற்றி. கண்கள்.

கண்கள் அவளைப் பார்க்கவில்லை. நேராக இவனைப் பார்த்தன.

விசிறி நின்றது. வீடே நின்றது போலிருந்தது.

சமையலறையில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு. இதுவரை நேரில் கேட்டதே இல்லை, ஆனாலும் தெரிந்தது.

திரையைப் பார்த்தான். தூண் இருந்தது. தூணோரம் காலி.

ஓடினான். நடைவழி. கதவு. தள்ளினான்.

அடுப்பருகே அவள். அவள் புடவை, அவள் வளையல், அவள் கை. கழுத்துக்கு மேலே ஒரு சாம்பல் கறை.

அவள் தோளில் கைபோட்டபடி, தூணோரத்தில் இருந்தவன் நின்றான். இமைமயிரை எண்ணலாம், அத்தனை தெளிவு. உதட்டோரம் ஒரு மச்சம். அது மெல்லக் கன்னக்குழிக்குள் ஒதுங்கியது.

வாய் திறந்தது. வந்தது அவள் குரல்.

"என்னங்க, இப்பவாவது நல்லா தெரியுதா?"