பிரேக்கை மிதித்த கால்

காருக்குள் யாருமே இல்லை. ஆனால் பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது.

பெனிஸ்டன் பதறவில்லை. தருவைகுளம் ரோட்டில், உப்பளங்களுக்கு நடுவே, வீட்டை ஒட்டியே ஷெட் போட்டு கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவனுக்கு இது தினப்படி சங்கதி. உப்புக் காற்று ஒயருக்குள் புகுந்து செம்பில் பச்சை பூக்க வைத்துவிடும். விளக்கு தன் இஷ்டத்துக்கு எரியும், அணையும். போதாததற்கு இது பழங்காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. ரத்தச் சிவப்பு. தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு.

"எத்தனையோ பேரு பாத்துட்டுக் கையை விரிச்சிட்டானுவலே," என்று காலையில் காரைக் கொண்டுவந்து விட்டபோது சொன்னார் அருமைநாயகம். "நாளைக்குக் கல்யாணத்துக்கு எம் மகளை இதுலதான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போணும்."

"எங்கன கெடந்த வண்டி அண்ணாச்சி இது?"

"உப்பளத்து ஓடையில முங்கிக் கெடந்துச்சாம். ஓட்டிட்டு வந்தவன்தான் கெடைக்கலயாம். அத விடு, நீ லைட்டைப் பாரு."

பொழுது சாய்கிற நேரத்தில் மனைவி டயானாவைக் கூப்பிட்டான். அவளுக்கு ஏழாவது மாசம். ஆனாலும் உட்கார்ந்து பிரேக் மிதிக்க ஒரு ஆள் வேண்டுமே. இதில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அவன் பின்னால் நின்று சொல்வான், அவள் சீட்டில் இருந்து செய்வாள். அவன் 'இறங்கு' என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். கரண்டு ஓடும் ஒயரைக் கையில் பிடித்திருக்கும்போது வண்டி சொல்லாமல் அசைந்தால் வம்பு.

ஏறி உட்கார்ந்தவள் முகம் சுளித்தாள். "சீட்டு நசநசன்னு ஈரமா இருக்குங்க."

"வெயில்லதான கெடந்துச்சு? பிள்ளைக்குச் சிரமமா இருந்தா சொல்லு, ஏளா."

"உங்க பிள்ளை உங்கள மாதிரித்தான். எந்நேரமும் தூக்கம்."

சிரித்துக்கொண்டே டிக்கியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டான். மூடி சீட்டை மறைத்தது. உப்பு லாரி ஒன்று ரோட்டை அதிர வைத்துக்கொண்டு போனது. டயானா என்னவோ சொன்னாள். காதில் சரியாக விழவில்லை.

லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஷெட்டுக்குள் அமைதி வந்து படுத்துக்கொண்டது. டிக்கிக்குள் பழைய தோலும் பெட்ரோலும் எலி மூத்திரமும் கலந்த வாடை. அதற்கும் அடியிலிருந்து, மழைக்குப் பிந்தைய உப்பளத்தின் அடிச்சேறு நாறுவதுபோல இன்னொரு வாடை, மெல்ல மெல்ல மேலேறி, தொண்டைக்குள் இறங்கி, நாக்கில் கரித்தது.

"பிரேக்."

தரையில் சிவப்பு விழுந்தது.

"விடு."

அணைந்தது.

"லெஃப்ட் இண்டிகேட்டர்."

மினுங்கியது. பகல் முழுக்கப் போக்குக் காட்டிய விளக்குகள் இப்போது சொல்பேச்சுக் கேட்டன. ஒயரை ஆட்டினான், இழுத்தான், திருகினான். ஒரு பிசகும் இல்லை. சீட்டில் ஆள் இருந்தால் போதும் என்பதுபோல.

ஆனால் டயானா பேசவே இல்லை. ஒவ்வொரு தடவையும் "எரியுதா?" என்று கேட்பவள்.

"என்னளா, கோவமா?"

பிரேக் விளக்கு மட்டும் ஒரு முறை எரிந்து அணைந்தது.

குறும்பு என்று நினைத்துக்கொண்டான். "சரி, முடிஞ்சிட்டு. இறங்கு."

கதவு திறந்தது. பாரம் குறைந்த கார் மேலே எழும்பியது. ஒரு பெண்ணின் பாரம் இல்லை அது. பிறகு காலடி. செருப்பில்லாத காலடி. சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைப்பதுபோல, சளக், சளக் என்று வீட்டுப் பக்கம் போனது.

அடுக்களையிலிருந்து டயானாவின் குரல் கேட்டது.

"டீ ஆறிப்போவுது, வாங்க! முதுகு வலிக்கின்னு அப்பமே சொல்லிட்டுத்தான வந்தேன்?"

நிமிர்ந்தான். தலை மூடியில் இடித்தது. வலி தெரியவில்லை. சீட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. கீழே ஈரக் கால்தடங்கள். ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு. வீட்டை நோக்கி மட்டும்.

ஓடினான். வாசலை மிதித்ததும் வீட்டு விளக்கு அணைந்தது.

இருட்டு. சேற்று வாடை. எங்கேயோ சொட்டும் தண்ணீர்.

"லைட்டைப் போடு, டயானா!"

எரிந்தது.

டயானா அடுக்களை நடுவில் நின்றாள். இரண்டு கையிலும் டீ டம்ளர். "நான் எங்க போட்டேன்? கரண்டு தானா வந்துட்டு," என்று சிரித்தாள்.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நீண்டிருந்த கையை அவள் பார்க்கவில்லை. ஊறி வெளுத்த கை. நகமில்லாத விரல் சுவரில், ஸ்விட்சின் மேல்.

ஓடு என்று கத்த வாயைத் திறந்தான். வா என்று கூப்பிட நினைத்தான். எதைச் சொன்னாலும் கேட்டு அப்படியே செய்ய அங்கே இரண்டு பேர்.

"ஏன் மலைச்சுப் போய் நிக்கீங்க?" என்றாள் டயானா. "எதாச்சும் சொல்லுங்க."

ஸ்விட்சில் இருந்த விரல் அசையவில்லை. இன்னொரு கை அவள் வயிற்றுக்கு முன்னால், ஒரு விரற்கடை தள்ளி, அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றது.