பழையபடி வைத்துவிட்டுப் போ

படத்தில் இருந்த குழந்தையின் முழங்காலில் காலையில் பிளாஸ்திரி இல்லை. இப்போது இருந்தது.

சோதனைக்காரன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். பொய் சொல்லிப் பிழைக்கிறவர்கள் பல வகை. அவன் செல்போனுக்குப் பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டைப் போனிலிருந்தே ஆட்டிவைக்கும் செயலி ஒன்று அவர்கள் அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் தாழ்ப்பாள், விளக்கு சுவிட்ச், ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று படத்தோடு காட்டும் அட்டை என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி, கணினித் திரையில் வெள்ளைவெளேரென்ற வெற்றுப் பக்கத்தில் வைத்து இழுத்தும் தட்டியும் பார்ப்பது அவன் வேலை. அந்தப் பக்கத்துக்குப் பின்னால் வீடும் கிடையாது, கதவும் கிடையாது; இருப்பதாகச் செயலியை நம்பவைப்பதுதான் அவன் சொல்லும் பொய். அட்டைக்கு ஏதாவது ஒரு முகம் வேண்டுமே என்று, சோம்பேறித்தனத்தில், தன் மகளின் படத்தையே போட்டிருந்தான்.

அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் நிதானமாக முழுசாக. பிறகு பாதியில் விட்டு. கடைசியில் பேய் பிடித்தவன் மாதிரி படபடவென்று. சலித்ததும் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். தாழ்ப்பாள் திறந்து கிடக்கும், விளக்கு அணைந்து கிடக்கும், அட்டை ‘யாரும் இல்லை’ என்று கிடக்கும்.

அவற்றை வரைந்தவர் பக்கத்து மேஜைக்காரர். தினமும் முணுமுணுப்பார்.

“போறப்ப பழையபடி வெச்சுட்டுப் போய்யா.”

“ஏன் சார், அதுக்கு வலிக்குமா?”

“பெத்தவனுக்கு வலிக்குமே.”

பிளாஸ்திரி அவருடைய குசும்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தான்.

“சார், என் பாப்பா படத்துல கை வெச்சீங்களா?”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். கண்ணெடுக்காததே சந்தேகமாக இருந்தது.

மனைவியைப் போனில் கூப்பிட்டான். “குட்டி எங்கே?”

“இங்கதான். இப்பதான் படியில விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா. பிளாஸ்திரி போட்டு உட்கார வெச்சிருக்கேன். ஏன்?”

“சும்மாதான்.”

“சும்மா கூப்பிடற ஆளா நீங்க?”

போனை வைத்தான். சந்தேகம் இடுப்பில் ஏறின கைப்பிள்ளை மாதிரி, இறக்கிவிட்டால் அழும். இந்தப் பக்கத்து மேஜை மனுஷன் நம் வீட்டில் கேமரா வைத்திருக்கிறாரோ? கணினியிலிருந்து நெட் வயரைப் பிடுங்கினான். அப்போதும் படத்தில் குட்டியின் தலை மெல்லத் திரும்பி, வீட்டில் படி இருக்கும் பக்கம் பார்த்தது. இதுவும் அவர் குசும்புதானா என்று பார்க்க அட்டையைத் தட்டினான். யாரும் இல்லை. தட்டினான். இருக்கிறாள். படபடவென்று தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“பழையபடி வெச்சியா?” என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

அவன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை விட்ட ஈரமண் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, துவைத்த துணியின் சோப்பு வாசனையோடு கலந்து நின்றது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைத் தாழிட்டான். பழைய இரும்புத் தாழ்ப்பாள். எண்ணெய் போடாவிட்டால் மாமியாரைப் போலக் கத்தும். பிறகு நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தின் பின்னால் தடவினான்.

“என்ன தேடறீங்க?” என்றாள் மனைவி.

“கேமரா.”

“நம்ம வீட்டுலயா? பார்க்கறவனுக்குத்தான் தண்டனை.”

அவனுக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் நின்றது. நின்ற விதம் சரியில்லை. குழாய்ச் சொட்டும் நின்றது. ஈர வாசனையும் நின்றது. வாசனை அப்படிச் சட்டென்று நிற்குமா என்ன?

தாழ்ப்பாள் கத்தியது.

யாரும் அதன் பக்கத்தில் இல்லை. நிதானமாக முழுசாகத் திறந்தது. முழுசாக மூடியது. பிறகு பாதி வரை வந்து, விட்டதும் பின்னுக்குப் போனது.

நாற்காலியில் நின்றபடியே அவன் தாழ்ப்பாளைப் பார்த்தான். அந்தக் கை யாருடையதோ தெரியாது. ஆனால் அந்த முறை தெரியும்.

படபடபடவென்று அடித்தது இரும்பு. ஓய்ந்தது. திறந்து கிடந்தது.

கதவு தானாக அகன்றது. தெரு இல்லை. எதிர்வீடு இல்லை. வெள்ளை. ஓரமில்லாத, நிழலில்லாத வெள்ளை.

அடுத்தது விளக்கு. எரிந்தது. அணைந்தது. பாதி மங்கி நின்றது. படபடத்தது. அணைந்து கிடந்தது.

அதற்கடுத்தது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

நாற்காலியிலிருந்து பாய்ந்தான். “குட்டீ…”

குட்டி எழுந்து நின்றாள். இல்லை. நின்றாள். இல்லை.

பாதி. இடுப்புக்கு மேல் மட்டும், அப்பா என்று கூப்பிட வாயெடுத்தபடி.

மனைவி அலறியது எங்கோ தூரத்தில் கேட்டது. அவன் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். காற்று. சூடான சின்ன முதுகு. காற்று. முதுகு. காற்று. முதுகு.

“பழையபடி வெச்சுட்டுப் போ,” என்று வெள்ளையைப் பார்த்துக் கெஞ்சினான். “உனக்குப் புண்ணியமாப் போகும். பழையபடி வெச்சுட்டுப் போ.”

அந்தப் படபடத் தட்டல் மெல்ல மெல்லக் குறைந்தது.

சலிப்புத் தட்டும்போது விரல் அப்படித்தான் தளரும். அவனுக்குத் தெரியும்.

முதுகு.

காற்று.