நான்காவது தாள்

"ஒரு நிமிஷம்... எனக்கு நாலே நாலு தாள்தான். நான் முதல்ல எடுத்துக்கவா?"

ஜெராக்ஸ் கடையில் இருந்த ஒரே பிரிண்டரைக் குத்தகைக்கு எடுத்தவன் போல நின்றிருந்தவன் திரும்பினான். அவள் முதலில் பார்த்தது அவன் கண்களைத்தான்... தூக்கம் போதாத, ஆனாலும் சிரிக்கத் தயாராக இருந்த கண்கள். வெளியே மழை சட்டென்று பிடித்துக்கொண்டது.

"தாராளமா. ஆபீஸ் பிரிண்டர் படுத்துடுச்சு. அதான் அறுபது பக்கத்தோட இங்கயே குடியிருக்கேன்."

கடைக்காரர் அவசரத்தில் எதையோ அழுத்த, அவனுடைய பக்கங்களுக்கு நடுவே அவளுடைய தாள்களும் வந்து விழுந்தன. பிரித்தெடுக்கக் குனிந்தவனின் பார்வை அவள் தாள்களில் நின்றுவிட்டது.

"அடுத்தவங்க பேப்பரைப் படிப்பீங்களா?"

"படிக்கல... தானா கண்ணுல பட்டுச்சு." திருட்டு முழி முழித்தான். "ரெண்டு வேலைக்கும் மார்க் போட்டிருக்கீங்க போல..."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றும் இருந்தது. நிதிப் படிப்பு முடித்து மூன்று மாதம். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள். நாளை மதியத்துக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் தொடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் 'தராசு' என்று பேர். அந்தத் தராசுக்கே முள் நிற்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான் அவன். "முதல் தாள்ல சம்பளத்துக்கு நாற்பது, மனசுக்குப் பிடிச்ச வேலைக்கு இருபது. 'அ' ஜெயிக்குது. நாலாவதுல சம்பளத்துக்குப் பத்து, மனசுக்கு அறுபது. 'ஆ' ஜெயிக்குது. விடையை முடிவு பண்ணிட்டு கணக்கைத் திருத்தினா, எங்க ஆபீஸ்ல கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

அவள் முகம் சிவந்தது. பிடித்துவிட்டான் களவாணி.

"ஆனா ஒரு வரி மட்டும் நாலுலயும் மாறவே இல்ல," என்றான், குரல் இறங்கி. "அப்பா சந்தோஷம்... இருபது."

அதோடு அவள் கோபம் போயே போய்விட்டது. படபடவென்று சொல்ல ஆரம்பித்தாள். 'அ' என்பது கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய வங்கி. அப்பா முப்பது வருஷம் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவர், மகள் மேல் மாடியில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. 'ஆ' பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்ன முதலீட்டு ஆலோசனை அலுவலகம்.

"இன்டர்வியூக்கே ஒரு பிஸ்கட் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க தெரியுமா? என்ன பார்த்தேன்னு கேட்டாங்க. பாதி மெஷினுக்கு மேல தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு, அப்ப வியாபாரம் படுத்திருக்குன்னு சொன்னேன். இன்டர்வியூ எடுத்த மேடம் சிரிச்சாங்க பாருங்க... அன்னைக்கு எனக்கு வீட்டுக்குப் போகவே மனசில்ல."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. காதோரம் வரை சிவந்தான். தாள்களை அள்ளி அவள் கையில் திணித்தான்.

"என்ன ஆச்சு? நீங்களே சொல்லுங்களேன், எது எடுக்கலாம்?"

"நான் சொல்லக் கூடாது."

"இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினீங்க?"

"அது வேற. இனிமே நான் சொன்னா செல்லாது..."

அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் இறங்கி நடந்துவிட்டான். 'போயேன், எனக்கென்ன வந்தது' என்று நினைத்தாள். ஆனால் தெருமுனையில் அவன் மறையும் வரை அவள் கண் அங்கேயே இருந்தது.

சாயந்திரம் சாப்பாட்டு மேஜையில் அப்பா தாள்களைப் பரப்பினார். மூன்றுதான் இருந்தன.

"மூணுலயும் பேங்க்தானே ஜெயிக்குது. அப்புறம் என்னம்மா?"

"நாலாவது ஒண்ணு இருந்துச்சுப்பா. எங்கயோ விட்டுட்டேன்."

"இன்னொண்ணு எடுக்கவேண்டியதுதானே?"

"எடுக்கத்தான் நினைச்சேன். ஆனா... அந்தத் தாள் இல்லாமலே எனக்குத் தெரியுதுப்பா. உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். வருத்தம் இருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

"மேல் மாடி போயிடுச்சு," என்றார் கடைசியில். "சரி... அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல ஷூ ஒண்ணு வாங்கு. ஃபேக்டரி தரை வழுக்கும்."

அவள் எழுந்து போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் புது ஷூவோடு சின்ன அலுவலகத்துக்குள் நுழைந்தவள், ஜன்னலோர மேஜையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவன். எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தான்.

'தெரிந்துகொண்டே என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான்...' அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. அவன் பக்கம் திரும்பாமல் நேரே மேலாளரின் அறைக்குள் போனாள். பிஸ்கட் ஃபேக்டரியில் சிரித்த அதே அம்மாள், ஒரு படிவத்தை நீட்டினார்.

"இங்க வேலை பார்க்கிற யார் மேலயாவது உனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு இருந்தா இதுல எழுதணும். அப்படி இருக்கிறவங்க அந்த விஷயத்துல கருத்துச் சொல்லக் கூடாது. இங்க இது சட்டம் மாதிரி. அப்புறம், உன்னைப் பத்தி ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்கார். படிச்சுட்டு கையெழுத்துப் போடு."

தேதி, அந்த மழை நாள். நேரம், மாலை நாலு நாற்பது. தாளின் ஓரம் இன்னும் நீரில் ஊறிய சுருக்கத்தோடு இருந்தது.

'இந்த விண்ணப்பதாரரை இன்று தற்செயலாகச் சந்தித்தேன். நேர்முகத் தேர்வன்று நான் வெளியூரில் இருந்ததால் முதலில் யாரென்று தெரியவில்லை. இவர் இங்கே சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காரணம் அலுவலகம் சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. எனவே இவரைப் பற்றிய எந்த முடிவிலும் என் கருத்தைக் கேட்க வேண்டாம். இவருடைய தாள் ஒன்று என் அறிக்கையோடு வந்துவிட்டது. இணைத்துள்ளேன்.'

பின்னால் அவளுடைய நான்காவது தாள்.

அவள் கையெழுத்துப் போட்டாள். தன் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேஜைக்குப் போனாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எங்க ஆபீஸ்தான்னு சொல்லியிருந்தா, வாங்கன்னு சொல்லாம இருந்திருக்க மாட்டேன்," என்றான் அவன், மேஜையைப் பார்த்தபடி. "எனக்காக நீங்க வந்துட்டா அப்பாவோட இருபது என்னாகும்? அதான் ஓடிட்டேன். ஆனா... உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் கடையிலேர்ந்தே."

அவள் அவனுடைய பேனாவை எடுத்தாள். படிவத்தில் நின்றபடியே இரண்டு வரி எழுதினாள். அவன் எட்டிப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"அடுத்தவங்க பேப்பரைப் படிக்கக் கூடாது..." என்று சொல்லிக்கொண்டே தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "இதை மட்டும் படிக்கலாம்."

'ஈடுபாடு உண்டு. வேலையைத் தேர்ந்தெடுத்தது நான்தான், அதில் இவருக்குப் பங்கில்லை. இவரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்... அதற்கு மார்க் போட்டுப் பார்க்கவில்லை.'