கறுப்புக் கட்டையைத் தொடாத கை

இரும்புக் கேட் தடதடவென்று அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மமெலோடிக் குடியிருப்பில் யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். ஒன்று சாவுச் செய்தி, இல்லாவிட்டால் யாரையோ யாரோ துரத்துகிறார்கள்.

பொன்ஷோ தாழ்ப்பாளை நீக்கியதும் உள்ளே வந்து விழுந்தவனின் சட்டை தோளில் கிழிந்து தொங்கியது. நெற்றியில் ரத்தம்.

"ஐயா, பூட்டுங்க! முதல்ல பூட்டுங்க!"

லெசிபா போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிபவர். எதற்கும் பதறாதவர். கேட்டைப் பூட்டினார், வந்தவனுக்கு நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளர் பொன்ஷோவோ, அவன் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"நீ செலோதானே? கபோகூடச் சேர்ந்து பாட்டு பண்றவன்?"

"பண்ணிட்டிருந்தவன்கா. இனிமே எவன் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விடுவான்?"

நடந்ததைச் சொன்னான். கபோவின் அண்ணன் நாரே நான்கு மாதங்களுக்கு முன்னால் ஊருக்குத் திரும்பும் வழியில் டாக்ஸி கவிழ்ந்து இறந்துபோனான். கிளம்பியதும் வீட்டுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். கபோ அதிலிருந்து "வழியில இருக்கேன்" என்ற துண்டை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, கீழே மத்தளம் சேர்த்து ஆட்டப் பாட்டாக்கினான். வெட்டுவதும் ஒட்டுவதும் செலோவின் வேலை.

"பாதிப் பாட்டு போன மாசமே குரூப்புல கசிஞ்சு, டாக்ஸிக்காரன் எல்லாம் போட ஆரம்பிச்சுட்டான். முழுப் பாட்டையும் நேத்து தெருக் கொண்டாட்டத்துல போட்டாங்க ஐயா. ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு மத்தளம் எல்லாம் நின்னு, நாரே அண்ணன் பேசின முழுச் செய்தியும் வருது. அதுக்கடியில தகர டப்பாவைப் படிக்கட்டுல உருட்டிவிட்ட மாதிரி ஏதோ அபஸ்வரம். கூட்டமே அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் எவனோ சிரிச்சான்."

"கபோ என்ன பண்ணினான்?"

"செத்தவன் குரல்ல விளையாடினது இவன்தான்னு எல்லா வாட்ஸப் குரூப்புலயும் என் போட்டோவோட போட்டுட்டான்."

"உங்களுக்குள்ள சண்டையா?" என்றாள் பொன்ஷோ.

"போன வாரம் சின்னதா. யார் பேர் முதல்ல வரணும்னு."

"போச்சு போ!"

"ஊரை விட்டு ஓடிடலாம்கா. ஆனா நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அந்தப் போட்டோ அங்கே போய் நிக்குமே."

லெசிபா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கபோ கேட்டுப் பார்க்காம ஏன் கொடுத்தான்?"

"கரண்ட் கட் ஆகிற நேரம் ஐயா. அதுக்குள்ள பாட்டை இறக்கி அனுப்பணும்னு அவசரம். வெள்ளிக்கிழமை சரியா இருந்துச்சு. சனிக்கிழமை பகல் பூரா அவன் ஸ்பீக்கர் எடுக்க அலைஞ்சுட்டு இருந்தான்."

செலோவைக் காரின் பின்சீட்டில் குனிந்து படுக்கச் சொல்லி, மேலே ஒரு போர்வையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். தெருமுனையில் சில இளைஞர்கள் கையில் கல்லோடு நின்றிருந்தார்கள். லெசிபா அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் பதிலுக்கு அசைக்கவில்லை.

கபோவின் வீட்டுப் பின்னறையில்தான் எல்லாம் இருந்தது: கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு கட்டில். செலோவைப் பார்த்ததும் கபோ எழுந்தான்.

"வந்துட்டியா? எங்கண்ணனை ஊர் சிரிக்க வெச்சிட்டு என் வீட்டுக்குள்ளயே வர்றே, என்ன தைரியம்டா உனக்கு!"

"உக்காருப்பா," என்றார் லெசிபா. "நான் பார்த்து முடிக்கிறேன். அப்புறம் அடிக்கலாம். இந்த ரூமுக்குச் சாவி யார்கிட்ட?"

"பூட்டே கிடையாது. பாஸ்வேர்டு அண்ணன் பேர். தெருவுக்கே தெரியும்."

"வீட்டுல யார் யார்?"

"நான், அம்மா, அண்ணி. ரெண்டு பேரும் சர்ச் பாடகர் குழு. அண்ணி முன்வரிசையில பாடுவாங்க, அம்மா அதுக்குப் பின்னால."

அண்ணி ஹுனாடி கறுப்புத் துக்க உடையில் வாசலில் நின்றாள். "இந்தப் பாட்டே வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். யார் கேட்டாங்க?" என்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா மொகாடி, சர்ச்சிலிருந்து வந்த சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைக் காலருமாக, தேநீர்த் தட்டோடு உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அது அவளுடைய வழக்கமான இடம் போலிருந்தது. மெத்தை அங்கே மட்டும் குழிந்திருந்தது.

"அண்ணிதான் சார்," என்று பொன்ஷோ லெசிபாவின் காதில் சொன்னாள். "முகத்தைப் பாருங்க."

"திரையைப் பாரு."

பொன்ஷோ கம்ப்யூட்டரில் மத்தளம் நின்ற இடத்தைத் திறந்தாள். இடது ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பியானோவின் கட்டைகள். அவற்றுக்கு எதிரே ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு பச்சைக் கோடு. எல்லாம் வெள்ளைக் கட்டைகளுக்கு நேராகவே இருந்தன. கறுப்புக் கட்டைக்கு நேராக ஒன்றுகூட இல்லை.

"ஒரே நீளம், ஒரே அழுத்தம்," என்றாள். "வாசிச்சது இல்ல சார். மவுஸால ஒவ்வொண்ணா வெச்சிருக்காங்க."

"மத்தளம்?"

"அழிக்கலை. சத்தம் வராம ஒவ்வொண்ணா வாயை மட்டும் மூடியிருக்காங்க. வெட்டின குரல் துண்டுகளும் அப்படித்தான். கீழே ஓடற ஆதார சுருதியை மட்டும் விட்டுட்டு, அசல் செய்தியை முழுசா இழுத்து வெச்சிருக்காங்க."

லெசிபா மெல்லத் திரும்பினார். "கபோ, கெடுக்கணும்னு வந்தவன் அழிச்சுட்டுப் போயிருப்பான். ஒரு நிமிஷ வேலை. இங்கே ஒருத்தர் உன் சாமான் ஒண்ணையும் உடைக்காம ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு, பகல் பூரா உக்காந்து ஏதோ கட்டியிருக்காங்க. செலோ, இந்தப் பாட்டு என்ன சுருதி?"

"எஃப் ஷார்ப் ஐயா. நாலரைக் கட்டை. தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

"அப்போ இவன் கை கறுப்புக் கட்டை மேலேதான் அதிகம் போகும். வெள்ளையை மட்டும் தொடறது யார்? நம்ம சர்ச்ல யாரும் சுருதி பார்த்துப் படிக்கிறதில்ல. டோ, ரே, மி எழுத்தைப் பார்த்துத்தான் பாடறோம். பழகறதுக்கு வெச்சிருக்கிற சின்ன ஆர்கன்ல அந்த எழுத்தை வெள்ளைக் கட்டையிலதான் ஒட்டியிருக்கும். அப்படிப் பழகினவங்களுக்கு, எந்தப் பாட்டா இருந்தாலும் டோ அந்த ஒரு கட்டைதான். இது அபஸ்வரம் இல்லப்பா. சரியான பாட்டு, தப்பான படியில நிக்குது. பொன்ஷோ, எல்லாக் கோட்டையும் சேர்த்துப் பிடிச்சு மேலே தூக்கு. டோ நாலரைக் கட்டைக்கு வரட்டும்."

கோடுகள் மொத்தமாக மேலேறின. பொன்ஷோ ஒலிக்கவிட்டாள். உரசல் போய்விட்டது. அறைக்குள் மென்மையாக ஏதோ பரவியது. அதன் மேல் நாரேயின் குரல், வெட்டுப்படாமல், அவசரமில்லாமல்: "அம்மா, கிளம்பிட்டேன். வழியில இருக்கேன். எனக்கும் சாப்பாடு வைங்க, வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவேன்."

கபோ தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஆனா மெட்டாத் தெரியலையே சார்," என்றாள் பொன்ஷோ. "நின்ன இடத்துலயே நின்னுட்டுக் கொஞ்சமா நகருது."

லெசிபா கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் முனகினார். போலீஸ் பாடகர் குழுவில் இதே பாட்டுக்கு அவர் பாடிய அடிக்குரல் வரி அது. இரண்டும் சேர்ந்ததும் ஹுனாடி வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

"அடக்கத்துக்கு முதல் நாள் பெட்டி வீட்டு வாசலுக்குள்ள வரும்போது பாடறது," என்றாள்.

"அதை அண்ணனுக்குப் பாடவே இல்லையே," என்றான் கபோ. "உடம்பு இருந்த நிலைமைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்கன்னுட்டாங்க. நேரா கல்லறைக்குத்தானே..." சட்டென்று ஹுனாடியைப் பார்த்தான். "அண்ணி, நீங்களா?"

"இல்ல," என்றார் லெசிபா. "பாடகர் குழுவில அவங்கவங்களுக்கு அவங்கவங்க வரிதான் தெரியும். முன்வரிசைக்காரங்க போட்டிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டு வந்திருக்கும். இது ஆல்டோ, பெண்கள்ல தாழ்ந்த குரல். பின்வரிசை."

கபோ கட்டிலின் ஓரத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தான். மொகாடி தேநீர்த் தட்டை இன்னும் மடியிலேயே வைத்திருந்தாள்.

கபோ போனை எடுத்தான். கட்டைவிரல் திரையின் மேல் நின்றது. "செலோ இல்லைன்னு எழுதினா, அப்ப யாருன்னு கேப்பாங்க. நான் என்ன எழுதறது ஐயா?"

வெளியே கேட்டருகே குரல்கள் கூடிக்கொண்டிருந்தன. செலோ கிழிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "விடுடா," என்றான். அவனுக்கே கேட்காத குரல்.

மொகாடி தட்டைக் கீழே வைத்தாள்.

"நான்தான்னு எழுது. நீ சொன்னா அந்தப் பசங்க கல்லைக் கீழே போட்டுருவாங்க. ஆனா போற வர்ற டாக்ஸியில எல்லாம் 'வழியில இருக்கேன்'ங்கிற அந்த அரை வார்த்தையே ஓடுதே, அதை உன்னால நிறுத்த முடியுமா? என் பிள்ளையை இன்னும் எத்தனை நாளைக்குடா நடு ரோட்டுலயே நிறுத்தி வெச்சு ஊரை ஆட விடுவே?"