கழுத்து மணி இலவசம்

ஒரு ஜோடிக் கண்ணின் விலை, மூட்டைக்கு ஒரு டீக்காசு. பருப்பு மண்டிக்காரர் மிச்சம் பிடித்த தொகை அது.

பட்டாணியும் பயறும் அரைத்து 'சுத்த சைவப் பூனைத் தீனி' என்று அவர் பாக்கெட் போட்டபோதே, டாரின் என்ற வெள்ளைத் தூளைக் கலக்காமல் விற்காதீர்கள் என்று கால்நடை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

"செடிச் சாப்பாடே கூடாதுன்னு சொல்லல. ஆனா இறைச்சியில இருக்கிற அந்தச் சத்து வெளியில இருந்து வரலேன்னா பூனை தாங்காது. கண்ணு போகும். இதயமும் போகும்."

"பருப்புல இல்லாத சத்தா டாக்டர்?"

மண்டிக்காரர் தூள் செலவை வெட்டினார். மிச்சமான காசில் பாக்கெட்டோடு கழுத்து மணி ஒன்று இலவசம் என்று போட்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று உலகம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, மனிதர் நாற்பது பூனைக்குக் கட்டிவிட்டார். முதல் மணி சொந்தப் பூனைக்கு. எந்நேரமும் கணக்கு நோட்டின்மேல் படுத்திருப்பதால் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். பாக்கெட்டில் இருந்த படமும் அதனுடையதே.

ஒரு வருஷம் ஓடியது. அன்று மதியம் கணக்குப்பிள்ளை மேசைக் காலில் முட்டிக்கொண்டது. அது பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கிற மேசை. வாசல் வெயில் நேராக முகத்தில் அடித்தும் அதன் கண்மணி சுருங்கவில்லை. கண் முழுக்கக் கறுப்பாய் விரிந்து கிடந்தது.

வியாபாரம் ஒருநாளாவது நிம்மதியாக நடக்கிறதா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. சாயங்காலம் தையல்காரம்மா பாதி காலியான பாக்கெட்டை மேசையில் வைத்தாள்.

"அண்ணே, எங்க பூனை சுவத்துல முட்டுதுண்ணே."

"வயசாயிருக்கும் தங்கச்சி."

"ரெண்டு வயசுக்கா? நேத்திலேர்ந்து ஆளையே காணோம். எதிர்வீட்டுப் பூனையும் இல்ல. ஏதோ தூள் போடணுமாமே, போட்டீங்களா?"

"மூட்டை மூட்டையாப் போட்டிருக்கேன்."

கணக்குப்பிள்ளை அவர் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பியது. மணி ஒருமுறை அசைந்தது.

அவள் போனதும் மழை பிடித்தது. ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்தார். உடனே மனைவியின் போன்.

"என்னங்க, தூக்குல பொரிச்ச மீன் இருக்கு. உங்களுக்கில்ல, கணக்குப்பிள்ளைக்கு."

"சைவம்னு படம் போட்டுட்டு மீனைத் திங்க விட்டா எவன்டி வாங்குவான்?"

"அந்தப் படத்துல இருக்கிற கண்ணு இப்ப அதுக்கு இல்லீங்க."

போன் அறுந்தது. இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று முனகிக்கொண்டே தூக்கைத் திறந்தார். ருத்திராட்சப் பூனை எதுவென்று கேட்க அங்கே யாரும் இல்லை. மீன் முழுவதையும் அவரே தின்றார். விரல்களை வேட்டியில் துடைத்தார்.

கரண்ட் போனது.

ஈரச் சாக்கின் புளித்த வாடையும், பருப்புத் தூசியும், விரலை விட்டுப் போகாத மீன் நாற்றமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, தகரக் கூரையில் அடித்த மழைக்கு அடியில், தெருக்கோடியிலிருந்து எறும்பு ஊர்வதுபோல் ஒரு மெல்லிய ஓசை அவரை நோக்கி நகர்ந்து வந்தது. கிண். அப்புறம் கிண் கிண். வலது பக்கத்திலிருந்து சில. இடது பக்கத்திலிருந்து பல. அவருக்கு அந்த ஓசை தெரியும். மொத்த விலையில், கையால் குலுக்கிப் பார்த்து, அடித்துப் பேசி வாங்கிய மணி.

எழுந்து ஷட்டரைத் தூக்கினார். அது சிக்கிக்கொண்டது.

காலடியில் ஈர ரோமம் உரசிப் போனது. இன்னொன்று. பின்னும் ஒன்று.

போன் விளக்கைப் போட்டார். மூட்டைமேல், தராசில், கல்லாவில், தரை முழுக்கப் பூனைகள். விலா எலும்பு தெரிந்தது. கண்கள் தட்டுத் தட்டாய் மின்னின. வெளிச்சத்துக்கு ஒன்றுகூடச் சுருங்கவில்லை. ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை. எல்லா மூக்கும் அவர் பக்கம்.

"கணக்குப்பிள்ளை," என்றார். ஷட்டரோரம் உட்கார்ந்து கையை நீட்டினார். "கண்ணு, வாடா."

வந்தது. தடுமாறாமல் வந்தது. மடியில் ஏறியது. விரலை நக்கியது. உப்புத்தாள் நாக்கு. மணிக்கட்டு. தோள். கன்னம். போன் நழுவி விழுந்து அணைந்தது. அவர் கண்ணை இறுக மூடினார். மூடிய இமையின் மேல் அந்த நாக்கு, பொறுமையாக, ஒருமுறை. மறுமுறை. சுற்றிலும் மணிகள் நெருங்கி நின்றுவிட்டன.

கொடுத்தது, கழுத்து மணி நாற்பது. எடுத்தது, கண்மணி எண்பது. திருப்பித் தர அவரிடம் இருந்தது இரண்டு.

பாக்கி எழுபத்தெட்டு.